ரூல் என்று முடியாத பெயர்

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், ஒரு மீன்வலைக் கடைக்கு மாடியில் இருக்கிறது. கீழே நைலான் வலை, தக்கை, ஈயக்குண்டு விற்பார்கள். மேலே நாங்கள் எட்டுப் பேர், ஒரே அறையில், கன்டெய்னர் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டுக் காற்று மீன் வாசனையோடு உள்ளே வரும். காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாசனை புதிதா என்ன? ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மூக்கைச் சுளித்து ஜன்னலைச் சாத்தியவள் நான். அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஒரு யார்டில் அந்த வரிசையை நடத்துவது எங்கள் சாஃப்ட்வேர். வண்டி கேட்டுக்கு வந்ததும் டோக்கன் போடும். சீல் சரியாக இருக்கிறதா, எடை சரியா, நேரம் தாண்டிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுத்து யார் உள்ளே போகலாம் என்று சொல்லும். இந்த ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு துண்டு நிரல் தனியாக எழுதி வைத்திருப்போம். அந்தத் துண்டைத்தான் நாங்கள் கிளாஸ் என்போம். துண்டுகளையெல்லாம் சேர்த்து ஓட்டுவது ஃபிரேம்வொர்க். அந்த ஃபிரேம்வொர்க்குக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதனை செய்கிற கிளாஸின் பெயர் ‘ரூல்’ என்று முடிய வேண்டும். சீல் ரூல், வெயிட் ரூல், டைம் ரூல். அப்படி முடிகிறவற்றை மட்டும் அது பொறுக்கி எடுத்து வண்டிகள் மேல் ஓட்டும். வேறு மாதிரிப் பெயர் வைத்தால் தப்பு என்று கத்தாது, சிவப்பு எழுத்தில் திட்டாது. அங்கே அப்படி ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் போய்விடும்.

இது எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் அதே ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்தவள், டீமுக்கு சீனியர், எனக்குத் தெரியாது. எப்போதும் பழைய ஃபைல் ஒன்றைக் காப்பி அடித்து உள்ளே இருப்பதை மாற்றுவேன். ‘ரூல்’ என்ற வாலும் தானாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அது ஏன் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதைச் சொல்கிற கையேட்டுப் பக்கத்தைப் படித்ததும் இல்லை. கேட்டிருந்தால், அதெல்லாம் சும்மா ஒரு அழகுக்கு என்று சொல்லியிருப்பேன்.

அக்காவுக்குத் தெரியும். அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை, ஆபீஸில் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். கொருக்குப்பேட்டைக்காரர். பதினைந்து வருஷம் ஒரு யார்டு கேட்டில் உட்கார்ந்து வண்டிகளுக்குச் சீட்டுப் போட்டவர். லாரித் தூசியைத் தின்று தின்று வீசிங் வந்து, மூச்சு விடவே கஷ்டமாகி, இனிமேல் தூசியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தானாகவே கம்ப்யூட்டர் படித்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் வந்து சேர்ந்தார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் வேலை. கைப்பையில் எந்நேரமும் இன்ஹேலர் இருக்கும். எங்களிடம் வந்த பிறகு அதை எடுக்க வேண்டிய நாளே குறைந்துவிட்டது என்று ஒருமுறை சந்தோஷமாகச் சொன்னார்.

பெயர் விஷயத்தில் மட்டும் அக்கா விடாக்கண்டர். தண்ணீர் கேனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எல்லாக் கிளாஸின் பெயரையும் எழுதி வைத்திருப்பார். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் சரிபார்க்கிற ரிவ்யூவுக்குப் புதிதாக ஒன்று வந்தால் அன்றைக்கே அதில் ஏறிவிடும், தேதியோடு. காரணம் கேட்டால் கேட் கதையைச் சொல்வார். அங்கே ஒரே வண்டியை ஒருத்தர் ஓனர் பேரில் எழுதுவாராம், இன்னொருத்தர் கம்பெனி பேரில், மூன்றாமவர் நம்பர் பிளேட்டின் கடைசி நாலு எண்ணில். டிரைவர் காலையிலிருந்து வெயிலில் நிற்பான், இவர்கள் லிஸ்ட்டைப் புரட்டிவிட்டு உன் வண்டி இல்லையே என்பார்கள். வண்டி கண்ணுக்கு முன்னால் நிற்கும், லிஸ்ட்டில் மட்டும் இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்பார். நாங்கள் சிரிப்போம். அந்தச் சார்ட்டுக்கு நாமகரண விழா என்று பெயர் வைத்ததே நான்தான். அதை எங்களில் ஒருத்தரும் நின்று படித்ததில்லை.

அக்காவைப் பார்த்தால் எனக்கு ஏன் எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் என் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார். இன்னா, கீது, வந்துகினு. நான் காலேஜ் போன நாளிலிருந்து அந்தப் பேச்சை வாசலிலேயே செருப்போடு கழற்றி விட்டுவிட்டு வருகிறவள். அக்கா வாயைத் திறந்தால், யாரோ என் வீட்டுக் கதவைத் திறந்து ஆபீஸ் முழுக்கக் காட்டுகிற மாதிரி இருக்கும் எனக்கு. எவ்வளவு சின்னப் புத்தி பாருங்கள்.

யார்டிலிருந்து ஒரு புது வேலை வந்தது. சில சமயம் கேட்டில் ஸ்கேனர் மக்கர் பண்ணும், ஏஜென்ட் பக்கத்திலிருந்து பேப்பர் வர லேட்டாகும். அப்போது வண்டியை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். டிரைவர் திரும்பி வந்தால் சிஸ்டம் அவரைப் புதிதாக வந்தவர் என்று நினைத்து வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். எட்டு மணி நேரம் நின்றவன் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். டிரைவர்கள் சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் யார்டு இறங்கிவந்து, தன் தப்பில்லாமல் ஒதுங்கின வண்டிக்கு அதன் இடத்தைப் பிடித்து வைக்கச் சொன்னது. அந்தச் சோதனையை நான் எழுதினேன். மற்றவர்கள் எழுதினதைத் தொடக் கூடாது என்று வீம்பாக, முதல் வரியிலிருந்து நானே எழுதினேன். என் அண்ணன் அந்த யார்டுக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். எங்கள் வீட்டில்தான், அண்ணி பிள்ளைகளோடு மாடியில் இருக்கிறான். இந்த வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. அதற்கு ‘கியூ கார்டியன்’ என்று பெயர் வைத்தேன். வரிசையின் காவலன். பெயரைப் பார்த்து நானே பூரித்துப்போனேன்.

ரிவ்யூ அக்காவிடம் போனது. எங்கள் ரிவ்யூவில் எதையும் இங்கிலீஷில் டைப் பண்ணி அனுப்ப வேண்டும். முன்பு ஒருமுறை அவர் எழுதின இங்கிலீஷைப் பார்த்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து அக்கா எழுதுவதில்லை, எழுந்து வந்து வாயால் சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கும் என் டேபிளுக்கு வந்து நின்றார். எல்லாம் சூப்பரா கீதும்மா, பேரு மட்டும் ரூலுன்னு முடியல, மாத்திடு என்றார்.

மதியத்துக்குள் யார்டுக்குக் கொடுத்தாக வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் சொன்னதை நின்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? திரும்பிக்கூடப் பார்க்காமல், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“கேட்ல உட்கார்ந்து பேர் எழுதுற வேலை இல்லக்கா இது.”

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார்.  அக்கா தன் இடத்துக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்து என் திரையில் ரிவ்யூ முடிந்தது என்று வந்தது, அவர் பெயரோடு. சீனியர் சொன்ன பிறகு அவர் வேறு என்ன செய்வார்? நான் அனுப்பிவிட்டு, கீழே போய் டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இனிமேல் ஒதுங்கச் சொன்னால் தைரியமாக ஒதுங்கு, உன் இடம் எங்கேயும் போகாது, எழுதினது உன் தங்கச்சி என்றேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினான். மறுநாளே தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

இருபது நாள் இருக்கும். ஒருநாள் காலை ஏழரை மணிக்கு நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் காலையில் வண்டி எடுத்துப் போன அண்ணன் அப்போதுதான் திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்தான். உள்ளே வரவில்லை. கண்ணெல்லாம் செக்கச் செவேலென்று இருந்தது. என்ன ஆச்சு என்றேன். வரிசையில் நாலாவதாக நின்றிருக்கிறான். ஸ்கேனர் ஓடவில்லை, ஒதுங்குங்கள் என்று கேட்டில் சொல்லியிருக்கிறார்கள். இவனுக்குப் பின்னால் நின்றவர்கள் நகர மாட்டோம் என்று முரண்டு பிடித்திருக்கிறார்கள். இவன்தான் அவர்களைச் சமாதானம் பண்ணி, முதல் ஆளாகத் தன் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறான். அவனை நம்பி இன்னும் மூன்று பேர் ஓரம் கட்டினார்கள். ஸ்கேனர் சரியானதும் திரும்பிப் போனால் நாலு பேரும் கடைசி.

“நீ சொன்னியேன்னுதான் பாப்பா ஒதுங்குனேன்,” என்றான். “அவனுங்க மூணு பேரும் என்னெ கேட்டானுங்க பாரு, நாக்க புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு.”

 அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். உன் வேலையாக இருக்காது, நீ கரெக்டாகத்தான் எழுதியிருப்பாய், அப்புறம் வேற எவனோ பூந்து சொதப்பியிருப்பான் என்றான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்றைக்கு அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

டிபனை எடுக்காமலே ஷேர் ஆட்டோ ஏறினேன். ஆபீஸில் யாரும் வந்திருக்கவில்லை. முந்தின நாள் யார்டில் நடந்தவற்றின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். சீல் ரூல் ஓடியிருக்கிறது, வெயிட் ரூல் ஓடியிருக்கிறது, டைம் ரூல் ஓடியிருக்கிறது. கார்டியன் எங்கேயும் இல்லை. நேற்று மட்டும் இல்லை, இருபது நாளில் ஒரு தரம்கூட அது ஓடவில்லை. அனுப்புவதற்கு முன் நான் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது உண்மைதான். அங்கே நானே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டியிருந்தேன். கேட்டில் அதைக் கூப்பிட யாரும் இல்லை. அப்போதுதான் கையேட்டில் அந்தப் பக்கத்தை முதல்முறையாகத் தேடிப் படித்தேன். நாலே வரி. அக்கா சொன்னது அப்படியே இருந்தது.  பெயரின் முடிவில் ‘ரூல்’ சேர்த்து, சிறு திருத்தம் என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். எல்லோரும் வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் முட்டாள்தனமாகப் போயிருக்கும். அதற்கப்புறம் நான் செய்தது வேறு.

பதினோரு மணிக்கு யார்டிலிருந்து எங்கள் ஆபீஸ் ஓனருக்கு போன். டிரைவர்கள் கேட்டை மறித்துவிட்டார்களாம். ஓனர் எங்கள் எல்லோரையும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். யார் எழுதினது, யார் ரிவ்யூ பண்ணினது என்று கேட்டார். திரையில் இரண்டு பெயரும் இருந்தன, என்னுடையதும் அக்காவுடையதும். எப்படி ஆச்சு என்று என்னைப் பார்த்தார். அக்கா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். அங்கேதான் அந்தச் சார்ட் இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அதைப் படித்தேன். கடைசி வரியில், பச்சை ஸ்கெட்சில், ‘கியூ கார்டியன் ரூல்’ என்று இருந்தது. நான் அனுப்பின நாளின் தேதி. பக்கத்தில் பென்சிலில் சின்னதாக, ‘பேர் மாத்தணும், சொல்லியாச்சு.’

படித்தேன். நன்றாகவே படித்தேன். படித்துவிட்டு, ஆபீஸுக்கென்று வைத்திருக்கிற என் நாகரிகமான பேச்சில் சொன்னேன்.

“பேர் வைக்கிற முறை ஃபாலோ ஆகல சார். ரிவ்யூல பிடிச்சிருக்கணும்.”

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறையில் இருந்த மற்றவர்கள் அன்றைக்கு நான் அக்காவைச் சொன்னதைக் கேட்டவர்கள்தான். எல்லோருக்கும் வாயில் கொழுக்கட்டை. அக்கா திரும்பி அந்தச் சார்ட்டைக் காட்டியிருந்தால் போதும், கை எட்டுகிற தூரம். காட்டவில்லை. பேர் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருப்பீங்களே, நீங்களே இப்படி விடலாமா என்று ஓனர் அவரிடம் வருத்தமாகக் கேட்டார். அந்த மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிகிறது, இனி நீட்டிக்க வேண்டாம் என்று முடிவு பண்ணினார்.

அக்கா போன அன்று எல்லோருக்கும் சமோசா வாங்கி வைத்துவிட்டுப் போனார். என் டேபிளிலும் ஒன்று இருந்தது. சாயந்திரம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் நான் அந்தச் சார்ட்டைச் சுவரிலிருந்து பிரித்தேன். பழசாகிவிட்டது என்று யாராவது கேட்டால் சொல்வதற்குத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நாலாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போட மனசு வரவில்லை, வெளியே எடுக்கத் தைரியமும் வரவில்லை.

மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிடும்போது சொன்னான், கேட்டில் ஒரு அக்கா வந்திருக்கிறாராம், ரொம்ப நல்ல மாதிரியாம். ஒதுங்கச் சொன்னால் சிஸ்டத்தை மட்டும் நம்புவதில்லையாம், வண்டி நம்பரைத் தன் நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்கிறாராம், எவனும் கடைசிக்குப் போகக் கூடாது என்று. வாயில் துணி கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், பாவம் என்றான். இந்த சிஸ்டத்தை எழுதுகிற ஆபீஸில்தான் என் தங்கச்சி வேலை செய்கிறாள் என்று அவரிடம் சொன்னானாம். அதற்கு அவர், நல்லா எழுதுற பொண்ணு என்றாராம்.

பாதிச் சோற்றில் எழுந்தேன். கை கழுவிவிட்டுப் போய் பீரோவைத் திறந்தேன்.

மறுநாள் காலை ஓனர் டேபிளில் சார்ட்டை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட் வேலை பற்றி நான் சொன்னது, அவர் வந்து சொன்னது, மீட்டிங்கில் நான் இதைப் படித்தது. இரண்டு பேர் தலையைக் குனிந்து கீபோர்டைப் பார்த்தார்கள். ஓனர் அந்தப் பச்சை எழுத்தைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. அவங்க இடம் இன்னும் காலிதான், நீயே போய்க் கூப்பிடு என்றார். எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. எல்லாம் சரியாகிவிடும் போல ஒரு நிம்மதி. ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர் தாண்டும்போது, நல்ல சேதி கொண்டு போகிறவள் மாதிரி மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் அதுவும்தான் அசிங்கமாக இருக்கிறது.

கேட்டில் டிரைவர்கள் வரிசையில் நானும் நின்றேன். வண்டி கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் முட்டி உயரத்துக்குத் தூசி எழுந்தது. என் முறை வந்ததும் ஜன்னலுக்குள் அக்கா நிமிர்ந்து பார்த்தார். மூக்கிலிருந்து தாடை வரை ஈரத்துணி. மேஜையில் நோட்டு, பேனா, இன்ஹேலர்.

“இன்னாம்மா, இங்க?” என்றார்.

நான் சார்ட்டை நீட்டினேன். ஓனரிடம் சொல்லிவிட்டேன், உங்களை வரச் சொன்னார் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அக்கா துணியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார். சார்ட்டைக் கையில் வாங்கவில்லை.

“வேணாம்மா. இங்க தூசிதான். ஆனா இங்க நான் சொன்னா கேட்டுக்கிறாங்க.” ஒரு தரம் இருமினார். “நீ அத்த படிச்சத நானும் பாத்துகினுதான் இருந்தேன். படிச்சிட்ட, இப்ப சொல்லுவேன்னு உக்காந்துகினு இருந்தேன்.”

 பின்னால் நின்ற டிரைவர் சீட்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

“அந்தப் பேர மாத்திட்டியா?” என்று கேட்டார் அக்கா.

“மாத்திட்டேன்க்கா.”

“எப்ப?”

பொய் சொல்லியிருக்கலாம். இதற்கு முன்னால் சொல்லியிருக்கிறேன், எனக்கு வராததில்லை.

“அன்னிக்குக் காலையிலேயே. மீட்டிங்குக்கு முன்னாடியே.”

அக்கா என்னையே பார்த்தார். எனக்கு அதுவரை தெரிந்திருக்காது என்றும், சுவரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது என்றும், பயத்தில் வாயடைத்துவிட்டது என்றும் இந்த மூன்று மாதமும் அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்காக அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அது அவர் முகத்திலிருந்து போவதை நான் பார்த்தேன். பிறகு துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“பின்னாடி வண்டி நிக்குது. ஒதுங்கும்மா.”

ஒதுங்கினேன். அவர் அடுத்த டிரைவரின் சீட்டை வாங்கி, நம்பரை நோட்டில் எழுத ஆரம்பித்தார்.